கடைசியாக ஏறியவர் இறங்கவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

'சம்பந்தி' என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லை என்று தாங்கள் கருதினால், அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு 'மதிப்பிற்குரிய அம்மா' என்று படித்துக்கொள்ளவும். மதிப்பில் மாற்றம் எதுவும் இல்லை. இங்கே நாங்கள் நலம். அங்கே தாங்களும், சம்பந்தி ஐயாவும் (அதே விரலை இங்கேயும் வைத்துக்கொள்ளவும்), தங்கள் மகனும் உடல் நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மன நலம் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, வைத்த சிற்றுண்டியை ஒரு விரலால் கூடத் தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல், வாடகைக் காரை வரவழைத்து ஏறிப் போனீர்களே, அதிலிருந்து எனக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மறுக்கிறது. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என் மகள் பேச வருகிறாள். "அப்பா" என்று ஆரம்பிக்கும்போதே நான் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறேன். சம்பந்தம் முறிந்துபோயிற்று என்று பெற்ற பெண் வாயாலேயே கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆகையால் நடந்ததை முதலிலிருந்து ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் என்னைத் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். என் மனைவியைத் திட்ட வேண்டாம், அவள் குரல் மட்டும்தான் குற்றவாளி. என் மகளை எப்படியாவது மருமகளாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் வாழ்நாள் முழுவதும் மின்தூக்கி பழுது பார்த்தவன். ('மின்தூக்கி' என்பது மரியாதைக்காக எழுதியது. இனி லிஃப்ட் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று எனக்கே குழம்பிவிடும்.) பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கை அரித்தது. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினேன். தையல் இயந்திரத்தைக் கழற்றினேன். இடப்பக்கம் திறந்துகொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியின் கதவை வலப்பக்கம் திறக்கும்படி மாற்றி வைத்தேன். என் மனைவி பழக்கத்தில் கீல் இருக்கும் பக்கத்தையே பிடித்து இழுத்து இழுத்துத் தோள் சுளுக்கிக்கொண்டாள். ஒரு நாள் தைலம் தடவிக்கொண்டே, "கழட்டணும்னா வெளியில போய் ஏதாவது பெருசாக் கழட்டுங்க. வீட்டை விட்ருங்க" என்றாள். அவள் வெறுத்துப்போய்ச் சொன்னது. நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிதாகக் கழற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே செடிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரின் தோட்டத்து மூலையில் ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கண்டேன். அந்தக் காலத்து வார்ப்பு. உருண்டைக் கண்கள், உப்பிய கன்னம், கோபத்தில் உதட்டைப் பிதுக்கியது போல ஒரு பம்பர். எங்கள் மேலதிகாரி ஒருவர் இதே முகத்தோடுதான் இருப்பார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. என்ஜின் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பூசணிக்கொடி புறப்பட்டு விளக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. விலை என்ன என்று கேட்டேன். பண்ணைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். கோழிங்களுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். நான் கோழிகளுக்கு இரண்டு அடுக்கில் ஒரு கூண்டு செய்து, மேலடுக்குக்குப் போய்வரக் கப்பி வைத்து ஒரு சின்ன லிஃப்டும் பொருத்திக் கொடுத்தேன். அந்தக் கோழிகள் இன்றுவரை அதில் ஏறவில்லை. படியில்தான் ஏறுகின்றன. அது வேறு வருத்தம்.

வண்டியை இழுத்து வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினோம். எனக்குத் துணையாக ஒரு வெல்டிங்காரர் வந்தார். எல்லாரும் அவரைப் 'பொறுமை' என்று கூப்பிடுவார்கள். மொட்டைத் தலையனுக்குச் சுருட்டை என்று பெயர் வைப்பது போன்ற வகை. திருகாணி இரண்டு சுற்றில் கழலாவிட்டால் சுத்தியலை எடுத்துவிடுவார். அவரும் நானும் சேர்ந்து வண்டியைப் பிரித்ததில் கொட்டகை கொள்ளாமல் வீட்டுக்குள் பாகங்கள் வரத் தொடங்கின. கியர்பெட்டி குளியலறையில் இருந்தது. பம்பர் என் மகளின் கட்டிலுக்கு அடியில். பானெட்டைக் கூடத்தில் கவிழ்த்து வைத்திருந்தோம். விருந்தாளிகள் அதை ஒரு புதுமாதிரி சோபா என்று நினைத்து உட்கார்ந்து வழுக்கினார்கள். ஆனாலும் நான் சொல்ல வேண்டும், அம்மா, அந்தக் கட்டம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். சட்டத்தைச் சுரண்டிச் சாயம் பூசினோம். என்ஜினைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டோம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், ஒரு விரலால் திருப்பும்படி பவர் ஸ்டீயரிங். முதல் முறை சாவியைத் திருப்பியபோது என்ஜின் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஓடத் தொடங்கியது. 'பொறுமை' அழுதுவிட்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

ஆனால் மற்ற உதிரிபாகங்கள் எங்கே கேட்டாலும் இல்லை என்றார்கள். அந்த வண்டியைச் செய்தவர்களே அதை மறந்துபோய் வெகு காலம் ஆகிவிட்டது. கிடைக்காததை நாமே செய்துதான் போட வேண்டும். எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டை மாற்றினார்கள், பழையதை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று துள்ளினேன். விழுந்தது பாலில் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

லிஃப்டுக்கு வெளியே தளத்தில் இருந்த மடக்கு இரும்புக் கதவு வண்டிக்கு முன்பக்கக் கிரில் ஆயிற்று. மாடி எண் காட்டும் விளக்குப் பலகையை ஸ்டீயரிங்குக்கு மேலே பொருத்தி, கியரோடு இணைத்தேன். முதல் கியர் போட்டால் முதல் மாடி, இரண்டாம் கியருக்கு இரண்டாம் மாடி. பின்னால் எடுத்தால் 'கீழ்த்தளம்' என்று வரும். ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, அது என்ன கீழ்த்தளம் என்று கேட்டார். ரிவர்ஸ் என்று சொல்லியிருக்கலாம். நான் பெருமையாக, "கீழ்த்தளம்னா கீழ்த்தளம்தாங்க" என்றேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் வெகுநேரம் தேடினார்.

பின்னால் இருந்த சரக்குத் தட்டு காலியாகக் கிடந்தது. லிஃப்டின் கூண்டும் காலியாகக் கிடந்தது. இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்? கூண்டை அப்படியே தூக்கித் தட்டின் மேல் உட்கார வைத்து, உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டேன். கண்ணாடி, கைப்பிடிக் கம்பி, காற்றாடி, தானே திறந்து தானே மூடும் கதவு எல்லாம் இருந்தன. குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்பது என் எண்ணம். ஒரே குறை, கூண்டு உயரம் என்பதால் திருப்பத்தில் வண்டி குடிகாரன் போல ஆடியது. அதைச் சரிக்கட்ட, லிஃப்டுக்கு எதிர் எடையாகத் தொங்கும் இரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் அடுக்கினேன். ஆட்டம் நின்றது. இந்த இரும்புக் கட்டிகளைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அம்மா. தங்களை இறங்கச் சொன்னது இவைதான். தங்கள் உடல் அல்ல. தாங்கள் பூஞ்சை உடம்புக்காரர் என்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.

இனி குரல் விஷயம். அந்த லிஃப்டில் ஏற்கெனவே ஒரு அறிவிப்புக் குரல் இருந்தது. வயதாகித் தேய்ந்துபோய், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல வந்தது. புதிதாகப் பதிவு செய்ய முடிவு செய்தேன். பணிவான செந்தமிழில் மூன்று வாக்கியங்கள் எழுதி, ஒலிப்பதிவுக் கருவியோடு சமையலறைக்குப் போய் மனைவியிடம் நீட்டினேன். அவள் அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தாள். நான் எழுதியது, 'கதவுகள் மூடுகின்றன, கவனமாக இருக்கவும்' என்பது. அவள் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கதவு மூடுது, கையை எடுங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றாள். அடுத்தது, 'எடை அதிகமாக உள்ளது, கடைசியாக ஏறியவர் தயவுசெய்து இறங்கவும்'. இதற்குள் பால் பொங்கத் தொடங்கிவிட்டது. "தாங்காது. கடைசியா ஏறினவங்க இறங்குங்க. உங்களைத்தான், எத்தனை தடவ சொல்றது" என்றாள். இதில் பின்பாதி, பதிவுக் கருவியை முகத்துக்கு நேரே நீட்டிய என்னைப் பார்த்துச் சொன்னது. மூன்றாவது, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பயணிகளுக்கு ஆறுதல் சொல்வதற்கானது. பால் பொங்கி அடுப்பு அணைந்த நேரத்தில் அவள் அதைச் சொன்னாள். "கத்தாதீங்க. யாராவது வருவாங்க. வந்தா வருவாங்க, வராட்டி நான் என்ன பண்றது." மறுபடி பதிவு செய்யலாம் என்றுதான் இருந்தேன். 'பொறுமை' கேட்டுவிட்டு, "அண்ணே, மாத்திராதீங்க. இதுலதான் உயிர் இருக்கு" என்றார். கலைஞன் மனம் பாருங்கள், புகழ்ச்சியில் விழுந்துவிட்டேன்.

தங்கள் மகனும் என் மகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிறார்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், பெரியவர்கள் சந்தித்துப் பேச வருகிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து உங்களை அழைத்துவர என் மகள் ஒரு காரை ஏற்பாடு செய்யப் போனாள். நம் வீட்டுக்கு வருகிறவர்களை வாடகை வண்டியிலா அழைத்து வருவது என்று நான் தடுத்தேன். "அப்பா, அவங்க அம்மா பெரிய ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்தவங்க. டாக்டருங்களே அவங்களைக் கண்டா எந்திரிச்சு நிப்பாங்களாம். இந்த வண்டி வேண்டாம்பா" என்று கெஞ்சினாள். அப்படிப்பட்டவர்கள் வசதியாக வர வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

நிலைய வாசலில் நடந்தது தங்களுக்கே தெரியும், இருந்தாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வரவேற்க வேண்டும் என்பதற்காக என் மனைவி முதலிலேயே கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி ஐயா ஏறினார். அவர் ஆகிருதிக்கு வண்டி ஒரு வணக்கம் போட்டது. தங்கள் மகன் பெட்டிகளோடு ஏறினார். கடைசியாகத் தாங்கள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தீர்கள். மணி அடித்தது. "தாங்காது. கடைசியா ஏறினவங்க இறங்குங்க" என்றது குரல். தாங்கள் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தீர்கள். அவள் பதறிப்போய், "ஐயோ, நான் சொல்லலைங்க" என்றாள். அதே குரல். அச்சு அசல் அதே குரல். உடனே மேலே இருந்து, "உங்களைத்தான், எத்தனை தடவ சொல்றது" என்றும் வந்தது. எனக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிவிட்டது. தாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை எடுத்துக் கீழே வைத்தீர்கள். திரும்பிப் பார்க்காமல் நிலையத்துக்குள்ளேயே நடந்துவிட்டீர்கள்.

அடுத்த ரயிலில் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கள் மகன்தான் இறங்கி வந்து, என்ன கோளாறு என்று விசாரித்து, என்னோடு சேர்ந்து இரும்புக் கட்டிகளை வெளியே தூக்கி வைத்தார். அவற்றை முன்பக்கம் என் பக்கத்து இருக்கையில் இருந்த என் மகளின் காலடியில் அடுக்கினோம், மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரும் அங்கேயே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது தாங்கள் திரும்பி வந்தீர்கள். கையில் ஒரு குடை. போகும்போது இல்லாத குடை. வாங்கி வந்தது எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடியை வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். தாங்கள் என்னைத் தாண்டிப் போய் ஏறி உட்கார்ந்தீர்கள். அடித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வழியில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. லிஃப்ட் கதவுக்கு ஒரு குணம் உண்டு, முன்னால் யாராவது நின்றால் திறந்துவிடும். நடைபாதையில் கைப்பையோடு ஒருவர் நின்றிருந்தார். கதவு திறந்தது. யாருமே அழைக்காமல் ஒரு கதவு திறந்தால் மனிதன் என்ன செய்வான்? ஏறிவிட்டார். அவர் ஒரு காப்பீட்டு முகவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முன்னால் இருந்த எனக்கு எதுவும் தெரியாது. கூண்டுக்குள் ஏறியதும் எல்லா மனிதர்களும் கதவைப் பார்த்து நின்றுகொண்டு மேலே எண்ணைத் தேடுவார்கள்; அவரும் அப்படியே செய்தாராம். லிஃப்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதால் சம்பந்தி ஐயாவும் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சரிவு இருக்கிறது. லிஃப்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. தளத்துக்குச் சமமாக நிற்காவிட்டால் கதவைத் திறக்காது. உயிர்ப் பாதுகாப்புக்காக நானே பல லிஃப்டுகளில் பொருத்திய ஏற்பாடு அது. சரிவில் சாய்ந்து நின்ற வண்டி, தான் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டது. கதவு திறக்கவில்லை. சம்பந்தி ஐயா அபாயப் பொத்தானை அழுத்தினார். தெரு முழுக்கக் கேட்கும்படி மணி அடித்தது. "கத்தாதீங்க. யாராவது வருவாங்க. வந்தா வருவாங்க, வராட்டி நான் என்ன பண்றது" என்றது குரல். கூண்டுக்குள் தங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சமம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பலகை தேடிக் கொட்டகைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பார்த்த காட்சியைத் தங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். என் மகள் அன்றைக்கென்று எடுத்து உடுத்தியிருந்த நல்ல உடையோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஜாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் தங்கள் மகன், இஸ்திரி போட்ட சட்டையோடு படுத்துப் பலகையை நகர்த்திக்கொண்டிருந்தார். மேலே மணி அடித்துக்கொண்டிருக்கிறது, குரல் திட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். "சத்தமாச் சிரிக்காதீங்க, அப்பா வருவாரு" என்றாள் என் பெண். என் பெண் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது, அம்மா. எங்கள் வீட்டில் அவள் பொறுப்பானவள். நான் எதையாவது கழற்றுவேன், அவள் தாயைச் சமாதானம் செய்வாள், இதிலேயே அவள் வயது போய்விட்டது. அந்தச் சிரிப்பை என் வண்டி கெடுத்துவிட்டதோ என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றபடி மானம் போனதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

கதவு திறந்தது. முதலில் காப்பீட்டு முகவர் இறங்கினார். மாட்டிக்கொண்டிருந்த நேரத்தை வீணாக்காமல் சம்பந்தி ஐயாவுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டத்தை விளக்கி, கையெழுத்தும் வாங்கிவிட்டிருந்தார். இப்படிப்பட்ட வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது ஆயுள் காப்பீடு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும் என்று ஐயா பிறகு என்னிடம் சொன்னார், அதில் நியாயம் இருந்தது. கடைசியாகத் தாங்கள் இறங்கினீர்கள், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. இப்படி ஒரு குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்ற விசனம் அந்தக் கையிலேயே தெரிந்தது. "பயணம் சௌகரியமா இருந்துச்சுங்களா" என்று கேட்டுத் தொலைத்தேன். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல அசைத்தீர்கள். சிற்றுண்டித் தட்டை நீட்டினோம். கையால் தள்ளிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் மட்டும் கேட்டுச் சைகை காட்டினீர்கள். எங்கள் வீட்டில் வாய் திறக்கக்கூட மனம் வரவில்லை பாருங்கள். தங்களுக்காகச் செய்த அத்தனையையும் காப்பீட்டு முகவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

அம்மா, நான் திருந்திவிட்டேன். கூண்டை இறக்கிக் கொல்லையில் வைத்துவிட்டோம். மாடி எண் பலகையைக் கழற்றியாகிவிட்டது. குரல் இருந்த பெட்டியை மனைவியிடமே ஒப்படைத்தேன், அவள் அதை என்ன செய்தாள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. வண்டி இப்போது வெறும் பிக்கப். கையால் திறந்தால் திறக்கும், கையால் மூடினால் மூடும், வாயே பேசாது. என் திருப்புளிகளை எல்லாம் 'பொறுமை'யிடம் கொடுத்து, நானே காலில் விழுந்து கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன். தாங்கள் மனம் இரங்க வேண்டும். என் பெண் என்னைப் போல இல்லை, எதையும் கழற்ற மாட்டாள். சேர்த்துத்தான் வைப்பாள்.

என் மனைவி தங்களுக்கும் ஐயாவுக்கும் வணக்கம் சொல்லியிருப்பாள் என்று நானே நினைத்து எழுதுகிறேன். தங்கள் மகனுக்கு என் அன்பும் ஆசியும், கூடவே அவர் சட்டையில் பட்ட கிரீசுக்கு என் வருத்தமும். தங்கள் குடும்பத்தில் எல்லாரும் எந்த இடையூறும் இல்லாமல், எந்த மாடியிலும் நில்லாமல், மேலே மேலே போய்க்கொண்டே இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நிற்கும்,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுப் பசை தேடிக்கொண்டிருந்தபோது என் மகள் வந்தாள். "அப்பா" என்றாள். நான் வழக்கம் போலக் கையைக் காட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல வந்ததைச் சொன்னாள். அன்று காலை புறப்படும் முன்புதான் தாங்கள் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டீர்களாம். வாயில் பஞ்சு, பேசக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது என்று பல் மருத்துவர் சொல்லியிருந்தாராம். ரயில் இரைச்சலில் குரல் எதுவும் தங்கள் காதில் விழவே இல்லையாம். குடையை நடைமேடை பெஞ்சில் மறந்துவிட்டு வந்தது ஏறும்போது நினைவுக்கு வந்து, அதை எடுக்கத்தான் இறங்கிப் போனீர்களாம். வண்டியில் மருந்து மயக்கத்தில் நன்றாகத் தூங்கிவிட்டீர்களாம், வழியில் ஒருவர் ஏறியதோ கதவு சிக்கியதோ தெரியாதாம். என்னைப் பார்த்துத் தலையசைத்தது, பயணம் சௌகரியமாக இருந்தது என்பதற்காம். புதன்கிழமையே என் மனைவியிடம் தொலைபேசியில் பேசி, திருமணப் பதிவுக்கு நாளும் குறித்துவிட்டீர்களாம். அன்றைக்குப் போய்வர அந்த வண்டியையே அனுப்பச் சொன்னீர்களாம், அதில்தான் நல்ல தூக்கம் வருகிறதாம். இவ்வளவும் நடந்திருக்கிறது, நான் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன். மனைவி எதற்கு என்னோடு பேசவில்லை என்று கேட்டேன். அது வேறு விஷயம், பால் பாத்திரம் பற்றியது என்கிறாள் மகள்.

இன்னொன்று. காப்பீடு எடுத்ததை ஐயா தங்களிடம் சொல்லவில்லையாம், சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

கடிதத்தைக் கிழித்துவிடச் சொன்னாள் மகள். மனம் வரவில்லை, என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நீண்ட கடிதம் இது. 'பொறுமை'க்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், திருப்புளிகளோடு வந்துகொண்டிருக்கிறார், கூண்டை மறுபடி ஏற்ற வேண்டும், ஆகையால் வேறு எழுதவும் நேரமில்லை. எனவே தாங்கள் அன்புகூர்ந்து மேலே உள்ள எதையும் படிக்காமல் நேராக இந்தப் பின்குறிப்புக்கு வரவும். பின்குறிப்பிலும் முதல் பத்தியை மட்டும் படித்தால் போதும். ஒருவேளை ஏற்கெனவே எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தால், படிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடவும்.